படியில் வைத்த பிள்ளை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் ரீனா வீட்டுக்கு வருகிறார் என்று லிடியா சொன்னதிலிருந்து இன்னாசியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

லிடியா அதைச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். பள்ளிக்கூடம் திறக்கும் தேதியைச் சொல்வது போலத்தான் சொன்னாள். திண்டுக்கல்லில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்து மூன்று. கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடலாமா என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அது வீட்டில் இருவருக்கும் தெரியும். ஆனால் அதுவரை அது பேச்சாக இருந்தது. இப்போது தேதி வந்துவிட்டது. மடத்திலேயே பத்து நாள் தங்கி, அவர்கள் எழுந்திருப்பது, ஜெபிப்பது, வேலை செய்வது எல்லாவற்றையும் கூட இருந்து பார்க்கும் முகாம். திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள் சிஸ்டர் வந்து தாய் தகப்பனிடம் பேசிவிட்டுச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிப் போவார்.

"ஒத்தப் பிள்ளைன்னா ரெண்டு தடவை கேப்பாங்களாம்மா. வீட்ல யாரும் வற்புறுத்துனாங்களா, யாருக்கும் மனசுல எதுவும் இருக்கான்னு. அதுக்குத்தான் வர்றாங்க" என்றாள் லிடியா.

அப்பா மிக்கேல்ராஜ் வாயில் இருந்த கருவாட்டை மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பத்து நாளுதான?" என்றார். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லித் தோட்டத்துப் பக்கம் போனார். கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது என்று தாயும் மகளும் அவரிடம் சொல்லவில்லை.

கரட்டடிப்பட்டியில் செய்தி நிற்காது. சாயங்காலமே நாலு பெண்கள் வந்து, அந்தோனியார் கோவில் கொடிமரம் நட்ட நாளிலிருந்து நம் தெருவில் ஒரு பெண்கூட மடத்துக்குப் போனதில்லை, உன் வயிற்றில் பிறந்தது போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னாசியம்மாள் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். சிரிக்கவும் செய்தாள். உள்ளுக்குள் அந்த ஒரு கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. வீட்டில் யாரும் வற்புறுத்தினார்களா? சிஸ்டர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

லிடியாவுக்கு எட்டு மாதத்தில் நெஞ்சுச் சளி கட்டியது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. வெளியே நிற்கிற உங்கள் ஆட்களைக் கூப்பிடுங்கள் என்று நர்ஸ் சொன்னபோது, இன்னாசியம்மாள் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு, "அந்தோனியாரே, இவ ஒமக்குத்தான். பிழைக்க வச்சா ஒமக்கே குடுத்துடுறேன்" என்றாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அப்படி வேண்டிக்கொண்டவர்களுக்குக் கரட்டடிப்பட்டியில் ஒரு வழி உண்டு. வைகாசிக் கடைசியில் வரும் திருவிழாவன்று, பூசை முடிந்ததும் கோவில் படியில் துண்டு விரித்துப் பிள்ளையைக் கிடத்துவார்கள். கிடத்திய நேரத்திலிருந்து அது அந்தோனியாரின் பிள்ளை. தாய்மாமன் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து ஊர்ச் சாப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி, மூன்று பேர் காதில் விழும்படி, "இந்தா, ஒன் பிள்ளை" என்று தாயின் கையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை வீட்டுக்கு மீண்டதாகக் கணக்கு. வந்த பங்குச் சாமியார்கள் யாரும் இதை ஒப்புக்கொண்டதில்லை, தடுத்ததும் இல்லை. இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. தாய் தானாகத் தூக்கக் கூடாது.

இன்னாசியம்மாள் தூக்கிவிட்டாள்.

அதற்குக் காரணம் ஒரு கேலிப் பேச்சு. திருவிழாவுக்கு முதல்நாள் டீக்கடையில் மிக்கேல்ராஜ், மச்சினன் பெலிக்ஸ் கொண்டுவரப்போகும் ஆட்டைப் பற்றி, "எங்க மாப்ள குடுக்குற ஆடு நடந்து வராது. தூக்கிட்டுத்தான் வரணும்" என்று சொல்ல, கடையே சிரித்தது. அது பெலிக்ஸின் காதுக்குப் போனது. மறுநாள் அவன் வரவில்லை. பதினோரு மாதப் பிள்ளை உச்சி வெயிலில் படியில் கிடந்து கத்தியது. ஊரே பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கல் சுட்டது. தொண்டை கட்டிப் பிள்ளைக்குச் சத்தம் வராமல் வாய் மட்டும் திறந்து மூடியபோது, இன்னாசியம்மாள் குனிந்து அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

பிறகு அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் போனார்கள், வந்தார்கள். அந்த ஆட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஊரும் மறந்துவிட்டது. இன்னாசியம்மாள் மறக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம், பஸ் தாமதமான ஒவ்வொரு சாயங்காலமும், மீட்காத பிள்ளை என்ற நினைப்பு வந்து போகும். இப்போது அந்தப் பிள்ளையே எழுந்து, நான் போகிறேன் என்கிறது.

மறுநாள் ஞாயிறு. பூவுக்கு ஞாயிறு திங்கள் கிடையாது. மல்லிகை மொட்டை விரிவதற்கு முன் பறித்துத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். கிழக்கே சிறுமலை கறுப்பாகத் தெரியும்போதே இன்னாசியம்மாள் தோட்டத்தில் இருந்தாள். பக்கத்து வரிசையில் ஜக்கம்மாள். பதினெட்டு வருடமாக இந்தத் தோட்டத்தில் பூ எடுக்க வருகிறவள். பக்கத்து ஊர்க்காரி. கத்திரி வெயில் காலம். அந்த நேரத்திலேயே காற்று அசையாமல் புழுங்கியது.

"என்ன இன்னாசி, மொட்டை விட்டுட்டு எலையப் பறிச்சு மடியில போடுற?" என்றாள் ஜக்கம்மாள்.

இன்னாசியம்மாள் மடியைப் பார்த்தாள். உண்மைதான். அப்படியே வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜக்கம்மாள் கை நிறுத்தாமல் பறித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கள்ல பிள்ளையைத் தவிட்டுக்குக் குடுத்துத் திருப்பி வாங்குவாக. அது மாதிரிதான இது? அன்னைக்கு வாங்கல. சரி, இன்னைக்கு வாங்கு. சாமி என்ன, நாள் தவறிப் போச்சுன்னு கதவடைக்கவா போகுது?"

"இருபத்து மூணு வயசுப் பிள்ளையவாக்கா?"

"வயசானா ஒன் பிள்ளை இல்லேன்னு ஆயிருமா? தம்பி உசிரோட இருக்கான், ஆடும் ஊர்ல இருக்கு."

இன்னாசியம்மாள் எழுந்து மறுபடி பறிக்க ஆரம்பித்தாள். விரல்கள் இப்போது சரியாக மொட்டைத் தேடிப் போயின. இரண்டு செடி தாண்டியதும் ஜக்கம்மாள் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிக்கப்படாது. மீட்டுட்டா அவ போகாம இருந்துருவான்னு பாக்குறியா?"

"அவளா போறதுன்னா போகட்டும்க்கா. நான் வச்சதுனால போகக் கூடாது. அதுக்குத்தான்."

"அது வாய் சொல்லுது" என்றாள் ஜக்கம்மாள். அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பூவை மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட்ட கையோடு இன்னாசியம்மாள் பழனி பஸ்ஸில் ஏறினாள். தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் வீட்டில் சொன்னாள். பஸ் நிறைய மொட்டை போடப் போகிறவர்கள். முன் சீட்டில் ஒரு தாய் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அதன் முடியைக் கடைசித் தடவையாகச் சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பி இவளைப் பார்த்தது. ஒட்டன்சத்திரம் வரை இன்னாசியம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

ஆயக்குடியில் பெலிக்ஸுக்கு மாமனார் வழியில் வந்த கொய்யாத் தோப்பு. காய்ப்பு ஓய்ந்து, கிளைகளை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிவிட்டார், முன்வழுக்கை. அக்காள் தனியாக வருவதைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, "மச்சானுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் இல்லை என்றதும் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தார்.

அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். லிடியாவுக்கு வந்த நினைப்பு, ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் வருவது, அதற்குள் அந்தோனியாருக்கு உரிய கிழமையான செவ்வாயன்று, நாளைக்கே, ஓர் ஆடு வேண்டும் என்பது. பெலிக்ஸ் தலையைத் தூக்கவில்லை. ஒரு காய்ந்த குச்சியை ஒடித்து, ஒடித்ததை மறுபடி ஒடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் வரலைன்னுதானக்கா இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டிருக்க?"

"வந்தியா?"

"வந்தேன். ஊருணிக்கரை வேலமரம் வரைக்கும். ஆட்டோட. அங்கருந்து பாத்தா கோவில் தெரியும்ல. பிள்ளை கத்துறது கேட்டுச்சு. செத்த நேரம் கத்தட்டும், அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அந்த மனுசன் தலையத் தொங்கப் போட்டு நிக்கட்டும்னு மரத்துக்குப் பின்னால மறைஞ்சு நின்னேன். கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். நின்னுக்கிட்டிருக்கும்போதே சத்தம் நின்னு போச்சு."

இன்னாசியம்மாள் தம்பியின் கையிலிருந்த குச்சியை வாங்கிக் கீழே போட்டாள்.

"நீ தூக்கிட்டேன்னு புரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? ஆட்ட அப்படியே திருப்பி ஓட்டிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் அது என்னையப் பாத்துக் கத்துது."

தனக்குக் கோபம் வரும் என்று இன்னாசியம்மாள் நினைத்தாள், வரவில்லை. தான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், இவன் கொஞ்சம் குறைவாக வீம்பு பிடித்திருந்தால், வேலமரத்துக்கும் கோவிலுக்கும் எத்தனை அடி இருக்கும் என்றுதான் யோசித்தாள். நூறு அடிகூட இருக்காது.

"ஆடு நல்ல ஆடா இருக்கணும்" என்றாள்.

"இங்க சந்தையிலயே பெரிய கெடாயாப் பிடிக்கிறேன்" என்றார் பெலிக்ஸ். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று சாயங்காலமே குட்டி யானை வண்டியில் கிடாயும் பெலிக்ஸும் இன்னாசியம்மாளும் கரட்டடிப்பட்டியில் வந்து இறங்கினார்கள். முருங்கை மரத்தில் கிடாயைக் கட்டியபோது லிடியா வெளியே வந்தாள். "யாருக்கு மாமா இம்புட்டுப் பெரிய ஆடு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பெலிக்ஸ் அக்காளைப் பார்த்தார். கிடாயைப் பார்த்ததுமே மிக்கேல்ராஜுக்கு விளங்கிவிட்டது. துண்டைத் தோளில் போட்டபடி துணி துவைக்கும் கல் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

இன்னாசியம்மாள் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதும் வண்டியில் வரும்போதும் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். அவை ஒன்றும் வரவில்லை. நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

லிடியா சத்தம் போடவில்லை, அழவில்லை. எனக்கு அப்போது எத்தனை மாதம் என்று கேட்டாள். பதினோரு மாதம். ரொம்ப நேரம் கத்தினேனா? தொண்டை கட்டிப்போகிற வரைக்கும். லிடியா தலையை ஆட்டினாள். உள்ளே போய்த் தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். முகாமுக்காகப் பையில் பாதி துணி எடுத்து வைத்திருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னாசியம்மாள் வாசற்படியிலேயே நின்றாள்.

"சனிக்கிழமை சனிக்கிழமை சிஸ்டர்களோட முதியோர் இல்லத்துக்குப் போவேன்ல" என்றாள் லிடியா, திரும்பாமல். "அங்க ஒரு அம்மாவுக்குத் தலை சீவி விடும்போது, நான் இருக்க வேண்டிய எடம் இதுதான்னு தோணும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்லம்மா. ஒரு வருசமா. அது எனக்குள்ளருந்து வருதுன்னு நெனச்சேன். இப்ப நீ என்னை அந்தோனியார்கிட்ட வச்சுட்டு வந்தேங்கிற. அப்ப இதுல எது என்னோடது?"

"அதுக்குத்தான்டி மீட்டுருவோங்கிறேன். மீட்டுட்டா நீ நீதான். போறதுன்னாலும் நீயா போகலாம்."

லிடியா திரும்பினாள்.

"மீட்டதுக்கப்புறம் அந்த நெனப்பே எனக்கு வராமப் போயிருச்சுன்னா?"

இன்னாசியம்மாள் எதற்கு ஆசைப்பட்டாளோ அதற்குத்தான் மகள் பயந்துகொண்டிருந்தாள்.

"நான் வரலம்மா. நீங்களே போய் ஆட்டக் குடுங்க" என்று லிடியா படுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடியலில் பூ எடுத்து முடித்துவிட்டு, மடி ஈரத்தோடு இன்னாசியம்மாள் கோவிலுக்குப் போனாள். கூடவே ஜக்கம்மாள். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கதவைத் திறந்து வைத்திருந்தார். பெலிக்ஸும் மிக்கேல்ராஜும் கிடாயோடு வேப்ப மரத்தடியில் நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். காதில் கேட்க வேண்டிய மூன்று பேரும் இருந்தார்கள். பிள்ளைதான் இல்லை.

காத்திருந்தார்கள். வெயில் படியில் ஏறியது. முதல் படி, இரண்டாம் படி. உபதேசியார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், ஆட்டை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். இன்னாசியம்மாள் கோவிலைப் பார்க்காமல் பாதையையே பார்த்தாள். அன்றைக்கு ஊர் பார்த்த அதே பாதை. தானும் அதே இடத்தில்தான் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

லிடியா ஊருணிப் பக்கமாக வந்தாள். தலை குளித்து, முடியை உலர்த்தாமலே பின்னியிருந்தாள். "எது என்னோடதுன்னு எனக்குத் தெரியணும்மா" என்றாள். செருப்பைக் கழற்றினாள். இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்துப் படியில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பெலிக்ஸ் கிடாயை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுப் படியருகே வந்து நின்றார். எப்படித் தூக்குவது என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டினார், மடக்கினார், வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"மாப்ள" என்றார் மிக்கேல்ராஜ். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை அவரேதான் எடுத்தார். "ஆட்டத்தான் நடத்திக் கூட்டியாந்துட்ட. இதையாவது தூக்கு."

பெலிக்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜக்கம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். படியில் உட்கார்ந்திருந்த லிடியாவும் சிரித்துவிட்டாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெலிக்ஸ் அவள் கைகள் இரண்டையும் பிடித்து எழுப்பினார். அந்தக் கைகளை அப்படியே கொண்டுவந்து அக்காளின் கையில் வைத்தார்.

"இந்தாக்கா" என்றார். பிறகு மூன்று பேர் காதிலும் விழும்படி சொன்னார். "இந்தா, ஒன் பிள்ளை."

அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கிடாய் ஒரு தடவை கத்தியது. இன்னாசியம்மாள் பிடித்த கையை வீட்டுக்கு வந்து சேரும் வரை விடவில்லை.

பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன. புதன்கிழமை லிடியா பேசவே இல்லை. வியாழக்கிழமை தானாகத் தோட்டத்துக்கு வந்து பூ எடுத்தாள். ஜக்கம்மாள் சொன்ன ஏதோ கதைக்கு வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னாசியம்மாளுக்கு நெஞ்சில் தண்ணீர் விட்டதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து டிவி சீரியல் பார்த்து, அதில் வரும் மாமியாரைத் திட்டினாள். ஜெபமாலை எடுக்கும் நேரத்தில் எடுத்தாள், ஆனால் சீக்கிரம் முடித்துவிட்டாள். அவள் எத்தனை மணி உருட்டினாள் என்று இன்னாசியம்மாள் அடுப்படியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலையில் லிடியா அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள். பெருக்கும்போது இன்னாசியம்மாள் அதைப் பார்த்தாள். அன்று மத்தியானம் மாங்காய் போட்டு மீன் குழம்பு வைத்தாள். ஒரு வாரம் கழித்து அவளுக்குச் சோறு இறங்கியது. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். மிக்கேல்ராஜ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் சிஸ்டர் ரீனா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் முகம் சிவந்திருந்தது. ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, போட்ட நாற்காலியை விட்டுத் தரையில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். லிடியாவிடம்தான் முதலில் கேட்டார்.

"எனக்குத் தெரியலை சிஸ்டர்" என்றாள் லிடியா. "போன வாரம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்பத் தெரியலை."

நடந்ததையெல்லாம் அவளே சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டில், படி, ஆடு, ஒன்றையும் மறைக்கவில்லை. சிஸ்டர் கோபித்துக்கொள்வார், மூடநம்பிக்கை என்பார் என்று இன்னாசியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் கடைசிவரை கேட்டுவிட்டு, மிக்கேல்ராஜ் பக்கம் திரும்பினார்.

"ஆடு எப்படிங்க இருந்துச்சு?"

"நல்ல ஆடு சிஸ்டர். நடந்தே வந்துச்சு" என்றார் மிக்கேல்ராஜ்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு லிடியாவிடம் சொன்னார். "தெரியாதவங்களுக்குத்தான் இந்தப் பத்து நாள். எல்லாம் தெரிஞ்சவங்களுக்கு முகாம் எதுக்கு? ஆனா வந்துதான் ஆகணும்னு இல்லை. இந்தக் கடுதாசியை நான் அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போனாலும் ஜூன்ல நீ மூணாங்கிளாஸ் டீச்சர்தான்."

கடிதத்தைத் தரையில் வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார். மின்விசிறிக் காற்றில் கடிதத்தின் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. லிடியா நகர்ந்து அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா. அன்னைக்கு என்னைக் கேக்காம வச்ச. கேக்குற வயசு எனக்கு இல்ல. அதை மாமா மீட்டுக் குடுத்துட்டாரு. இப்ப நான் ஒன் பிள்ளை. அதனால ஒன்னையத்தான் கேக்கணும். பத்து நாள் போய்ப் பாக்கட்டுமா?"

வேண்டாம் என்ற சொல் இன்னாசியம்மாளின் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் மகள் போகமாட்டாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அழமாட்டாள், சண்டை போடமாட்டாள். ஜூன் மாதம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். சாயங்காலம் திரும்பி வருவாள். இத்தனை வருடமாக அந்தோனியாரிடம் விட்டுவிட்டு வந்தோமே என்று பயந்தவளுக்கு, பிள்ளை இப்போது தன் கையிலேயே இருந்தது. வைத்துக்கொள்ளலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

"போகணும்னு இருக்கா ஒனக்கு?" என்று கேட்டாள்.

"போய்ப் பாக்கணும்னு இருக்கு. பயமாவும் இருக்கு."

"எனக்குந்தான்டி" என்றாள் இன்னாசியம்மாள்.

பேனாவை எடுத்தாள். அவள் பெயர் நீளமான பெயர். ஐந்தாம் வகுப்புவரை படித்த கை, ஒவ்வொரு எழுத்தாக ஏற்றி இறக்கி எழுதியது. முடிக்கும்வரை மூவரும் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மிக்கேல்ராஜ் போட்டார். அவருடைய கையெழுத்து ஒரு கோடும் ஒரு புள்ளியும்தான். போட்டுவிட்டு, மோட்டாரைப் பார்த்து வருகிறேன் என்று எழுந்தார்.

"பத்தாம் நாள் நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன் சிஸ்டர்" என்றாள் இன்னாசியம்மாள். "அதுக்கப்புறம் இவ திரும்பப் போறதா இருந்தா இவளா போகணும். நான் கொண்டாந்து விடமாட்டேன்."

"அதுதாம்மா முறை" என்றார் சிஸ்டர் ரீனா.

மறுநாள் தாயும் மகளும் பஸ்ஸில் திண்டுக்கல் போனார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த பையை லிடியா மடியில் வைத்திருந்தாள். மடத்துக்குப் போய்ச் சேரும்போது பதினோரு மணி. வெயில் கொளுத்தியது. கேட்டைத் தாண்டியதும் நாலு கல் படி, அதற்குமேல் திறந்த கதவு, உள்ளே யாரோ பெண்கள் பேசிக்கொண்டு பாத்திரம் விளக்கும் சத்தம். லிடியா படியில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கழற்றினாள். புதுச் செருப்பு, வார் இறுகிக் கிடந்தது. குனிந்த தலையைத் தூக்கினாள். பதினோரு மாதத்தில் எப்படி இருந்ததோ அதே முகம்.

"கல்லு சுடுதும்மா" என்றாள்.

இன்னாசியம்மாளின் இரண்டு கையும் தானாக முன்னால் போயின. தூக்கப் போகிறோம் என்பது பாதி வழியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைகளைத் திருப்பி, மார்போடு சேர்த்து, ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

லிடியா தானாக எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். மூன்று படி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்தாம் நாள் வந்துருவியாம்மா?"

"விடியுமுன்ன வந்து நிப்பேன். போ, கால் சுடப்போகுது."

லிடியா உள்ளே போனாள். கதவு திறந்தபடியே இருந்தது. இன்னாசியம்மாள் பஸ்ஸுக்கு நேரமாகியும் கைகளைப் பிரிக்காமல் வெயிலில் நின்றாள்.